சன்னி ரோலின்ஸ்: 60 ஆண்டு ஒலிப்பதிவுகளை எங்கே தொடங்கி எப்படிக் கேட்பது

சன்னி ரோலின்ஸ் என்று தேடினால் ஆல்பங்கள் கொத்துக் கொத்தாக வந்து விழும். ஒரே வாசிப்பு மூன்று நான்கு தலைப்புகளில் இருக்கும். 1957-ல் வாசித்ததற்கு 1999 என்று ஆண்டு போட்டிருக்கும். புதிதாக வருகிறவர் கையில் அகப்பட்டதைப் போட்டுக் கேட்டுவிட்டு, "இந்த மனிதரைப் போய் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?" என்று மூடிவிட்டுப் போய்விடுகிறார். அப்படி ஆகாமல் இருப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ரோலின்ஸ் பிறந்தது 1930-ல், நியூயார்க்கில். டெனர் சாக்ஸபோன் வாசிக்கும் ஜாஸ் கலைஞர். முதல் ஒலிப்பதிவு 1949, கடைசி மேடை 2012. இடையில் இரண்டு தடவை வாசிப்பை நிறுத்தி ஒதுங்கிவிட்டு, வேறு ஆளாகத் திரும்பி வந்தார். 1956-ல் கேட்கிற தொனி 1966-ல் இருக்காது. 1986-ல் அடையாளமே தெரியாது. அதனால் அவரைக் கேட்க உட்காரும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, "இது எந்தத் தேதியில் வாசித்தது?" என்பதுதான். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்தக் கேள்வியிலிருந்து வருபவை.

1. ஒரு தேதித் தாள் தயார் செய்யுங்கள்

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பதிவு செய்த நாள், இடம், கூட வாசித்தவர்கள், முதலில் வெளியிட்ட நிறுவனமும் அதன் எண்ணும். வெளியான ஆண்டைத் தனியாக ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் வரிசைப்படுத்துவது பதிவு நாளை வைத்தே இருக்கட்டும்.

இதில் சோம்பல் பட்டால் எங்கே மாட்டுவோம் என்பதற்கு மூன்று உதாரணம். 'நியூக்ஸ் டைம்' 1959-ல் வெளிவந்தது. வாசித்தது 1957 செப்டம்பரில். 'சன்னி பாய்' 1961-ல் வெளிவந்தது. அந்த ஆண்டு பெரும்பகுதி அவர் பொதுமேடையிலேயே இல்லை. உள்ளே இருப்பதெல்லாம் 1956-ன் வாசிப்பு. அதிலும் பெரும்பகுதி ஏற்கெனவே 'டூர் டி ஃபோர்ஸ்' ஆல்பத்தில் வந்ததுதான், ஆகவே இரண்டையும் வாங்கினால் ஒரே சரக்குக்கு இரண்டு விலை. 'ரோலின்ஸ் இன் ஹாலந்து' 2020-ல் வந்தது, பதிவு 1967 மே மாதம். வெளியீட்டு ஆண்டை நம்பிக் கேட்டால், 36 வயது மனிதரை 90 வயது மனிதர் என்று எண்ணிக் கேட்பீர்கள்.

ஸ்ட்ரீமிங் செயலிகளில் ஆல்பத்துக்கு அடியில் தெரியும் ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டின் ஆண்டு. அதைத் தாளில் ஏற்றாதீர்கள். பதிவு நாளும் கலைஞர் பெயர்களும் எல்பி இசைத்தட்டு அட்டையின் பின்புறத்திலோ சிடியின் உள் புத்தகத்திலோ இருக்கும். ஒரே ஆல்பத்துக்குள் டிராக்குக்கு டிராக் ஆள் மாறுவதும் உண்டு. 'டெனர் மேட்னஸ்' ஆல்பத்தில் இன்னொரு பெரிய டெனர் கலைஞரான ஜான் கோல்ட்ரேன் வாசிப்பது தலைப்பு டிராக்கில் மட்டும், 12 நிமிடம். 'ஈஸ்ட் பிராட்வே ரன் டவு'னில் ஃப்ரெடி ஹப்பர்டின் டிரம்பெட்டும் அப்படியே, தலைப்பு டிராக்கோடு சரி. அட்டையில் பெரிய பெயரைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

தாளில் முதலில் ஏற வேண்டியவை இவை:

- 1954 ஜூன் 29: மைல்ஸ் டேவிஸ் குழுவில் 'ஓலியோ', 'ஏரெஜின்', 'டாக்ஸி'. மூன்றும் ரோலின்ஸ் இயற்றியவை
- 1956 ஜூன் 22: சாக்ஸபோன் கொலாசஸ், பிரஸ்டீஜ் 7079
- 1957 மார்ச் 7: வே அவுட் வெஸ்ட், கன்டெம்பரரி
- 1957 நவம்பர் 3: எ நைட் அட் த வில்லேஜ் வான்கார்ட், புளூ நோட் 1581
- 1958 தொடக்கம்: ஃப்ரீடம் ஸ்வீட், ரிவர்சைட்
- 1962 ஜனவரி, பிப்ரவரி: த பிரிட்ஜ், ஆர்சிஏ விக்டர் 2527
- 1962 ஜூலை: அவர் மேன் இன் ஜாஸ், ஆர்சிஏ விக்டர்
- 1966 மே 9: ஈஸ்ட் பிராட்வே ரன் டவுன், இம்பல்ஸ் 9121
- 1972 ஜூலை: நெக்ஸ்ட் ஆல்பம், மைல்ஸ்டோன் 9042
- 1986 ஆகஸ்ட்: ஜி-மேன், மைல்ஸ்டோன்
- 2001 செப்டம்பர் 15: வித்தவுட் எ சாங், பாஸ்டன் மேடை (வெளியீடு 2005)
- 2010 செப்டம்பர் 10: ரோடு ஷோஸ் இரண்டாம் தொகுதியின் ஆர்னெட் கோல்மன் பகுதி

2. கேட்கும் கருவியைச் சரிசெய்யுங்கள்

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். டபுள் பாஸின் தடித்த கம்பி எழுப்பும் அடி ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. போனின் சின்ன ஸ்பீக்கரால் அதைக் கொடுக்க முடியாது. ரோலின்ஸின் முக்கியமான பதிவுகள் பலவற்றில் பியானோ கிடையாது, சாக்ஸும் பாஸும் டிரம்ஸும் மட்டும்தான். பாஸ் காதில் விழாவிட்டால் மிஞ்சுவது ஒரு சாக்ஸும் சிம்பல் சத்தமும். பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்பதே தெரியாமல் போகும். விலை குறைந்த ஒயர் இயர்போன் இருந்தாலும் போதும்.

இரண்டு காதும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'வே அவுட் வெஸ்ட்' ஸ்டீரியோப் பதிப்பில் சாக்ஸ் ஒரு பக்கமும் பாஸ், டிரம்ஸ் மறுபக்கமுமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் செத்துப்போன இயர்போனில் கேட்டால் பாதிக் குழு காணாமல் போய்விடும்.

செயலியில் ஷஃபிளை அணையுங்கள். ஆல்பம் முடிந்ததும் வேறு எதையாவது தானாகத் தொடங்கும் வசதியையும் அணையுங்கள். விளம்பரத்தோடு வரும் இலவசத் திட்டத்தில் கேட்பதானால் நீண்ட டிராக்குகளை எடுக்கும் முன் யோசியுங்கள். 20 நிமிட வாசிப்பு முடிந்த அடுத்த நொடியில் சோப்பு விளம்பரம் வந்தால், கேட்டது மனத்தில் படிய நேரம் இருக்காது.

3. சாக்ஸபோன் கொலாசஸ்: ஒரு வாரம் இதை மட்டும்

மொத்தம் ஐந்து டிராக், ஏறக்குறைய 40 நிமிடம். நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் ரூடி வான் கெல்டர் பதிவு செய்தது. பியானோ டாமி ஃப்ளானகன், பாஸ் டக் வாட்கின்ஸ், டிரம்ஸ் மாக்ஸ் ரோச். இந்தப் பெயரில் 1986-ல் எடுத்த ஆவணப்படமும் உண்டு. தேடும்போது இரண்டும் கலந்து வரும்.

முதல் இரண்டு நாள் 'செயின்ட் தாமஸ்' மட்டும் கேளுங்கள், 6 நிமிடம் 49 நொடி. ரோச் தனியாகத் தொடங்குவார், பிறகு கலிப்சோ மெட்டு, அதாவது கரீபியத் தீவுகளின் நடை. அது 16 பார் (தாளத்தின் அளவு அலகு) கொண்ட ஒரு சுற்று. விரலில் எண்ணிப் பழகுங்கள். இது கைவந்தால் மீதி எல்லாம் சுலபம். மெட்டு முடிந்ததும் ரோலின்ஸ் தன் வாசிப்பை இரண்டே ஸ்வரத்தில் ஆரம்பிப்பார். அந்த இரண்டு ஸ்வரத்தையே திருப்பி, இடம் மாற்றி, தள்ளிப்போட்டு வாசிப்பதைக் கவனியுங்கள். வேகமாக ஓடக்கூடியவர் ஓடாமல் நிற்கிறார். டிரம்ஸ் தனிக்குப் பின் அதே மெட்டு கலிப்சோ நடையை விட்டு ஜாஸுக்கே உரிய ஸ்விங் நடைக்கு மாறும். மாறும் நொடியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்று நாள் 'புளூ 7', 11 நிமிடம் 18 நொடி. இந்த ஆல்பத்தில் நேரம் செலவிட வேண்டியது இதில்தான். பாஸ் தனியாக நடந்து வரும், 12 பார் சுற்று. மேலே வரும் மெட்டு மிகச் சிறியது, எந்தச் சுருதியில் நிற்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி வளைந்தது. ரோலின்ஸ் அந்த மெட்டின் துண்டுகளை எடுத்துத்தான் முழு வாசிப்பையும் கட்டுகிறார். கச்சேரியில் ஒரே வரியை எடுத்து நிரவல் செய்யும் பாடகர் வரியை விட்டு விலகாமலேயே தூரம் போவாரே, அந்த மாதிரி. மற்ற சாக்ஸ் கலைஞர்கள் அக்காலத்தில் பெரும்பாலும் அடியில் ஓடும் ஸ்வரக்கட்டுகளை (கார்டு) வைத்து வாசித்தார்கள். இவர் மெட்டையே கையில் வைத்துக்கொண்டார். 1958-ல் இசையமைப்பாளர் குந்தர் ஷுல்லர் இந்த ஒரு டிராக்கைப் பகுத்து ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதை முதலில் படிக்காதீர்கள். நாலைந்து தடவை கேட்டுவிட்டுப் படித்தால்தான் அது உதவும். முன்னாலேயே படித்துவிட்டால் அவர் காட்டியது மட்டும்தான் காதில் விழும்.

மீதி மூன்று டிராக்கையும் வாரக் கடைசியில் சேர்த்துக் கேட்டால் போதும். 'மோரிடாட்' என்பது எல்லோரும் அறிந்த 'மாக் த நைஃப்' மெட்டுத்தான். தலைப்பைப் பார்த்துப் புதிது என்று நினைக்க வேண்டாம்.

4. பியானோ இல்லாத மூன்று ஆல்பங்கள்: இரண்டு வாரம்

1957 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸில் ரே பிரவுன் பாஸ், ஷெல்லி மேன் டிரம்ஸ் என்று மூவராக வாசித்தது 'வே அவுட் வெஸ்ட்'. மற்றவர்களுக்கு வேறு வேலை இருந்ததால் அதிகாலை 3 மணிக்குப் பதிவு தொடங்கியது. பியானோ இருந்தால் ஒவ்வொரு பாரிலும் "இப்போது இந்த ஸ்வரக்கட்டு" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிட்டால் சாக்ஸ் எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம், நிறுத்தலாம், வெற்றிடம் விடலாம். ஆனால் தடுமாறினால் தாங்கிப் பிடிக்கவும் ஆள் இல்லை. ரோலின்ஸ் விடும் வெற்றிடங்களைக் கவனியுங்கள். அவற்றை மேன் எப்படி நிரப்புகிறார் என்பதையும் பாருங்கள். கௌபாய் படப் பாட்டுகளை எடுத்து வாசித்திருக்கிறார். அவருக்கு அந்தப் பாட்டுகள் உண்மையாகவே பிடிக்கும்.

அடுத்தது 'எ நைட் அட் த வில்லேஜ் வான்கார்ட்', நியூயார்க்கின் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் எடுத்த மேடைப் பதிவு. 1957 நவம்பர் 3 அன்று பகலில் ஒரு குழு, இரவில் ஒரு குழு. பகலில் டொனால்ட் பெய்லி பாஸ், பீட் லா ரோகா டிரம்ஸ். இரவில் வில்பர் வேர் பாஸ், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். முதலில் வந்த ஒற்றை எல்பியில் ஆறு டிராக்தான். அதில் 'எ நைட் இன் துனீசியா' மட்டும் பகல் குழு. மற்றவை 1975-ல் இரட்டை எல்பியாக வந்தன. 1999-ல் இரண்டு சிடியில் தொகுத்தார்கள். 2024-ல் முழுப் பதிவும் மூன்று எல்பியாக வந்தது. வாங்குவதானால் 1999 சிடியோ 2024 எல்பியோ வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஆறு டிராக் மட்டும் தெரிந்தால் அது பழைய ஒற்றை எல்பியின் பிரதி என்று புரிந்துகொள்ளுங்கள்.

வான்கார்டை ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். ஒரு நாளுக்கு இரண்டு டிராக் போதும். ஒரு தடவை பாஸை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை டிரம்ஸை மட்டும், மூன்றாவது தடவை சாக்ஸை. எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் பாரின் முதல் அடியை மறைத்துக்கொண்டே போகும். ரோலின்ஸ் அதில் ஏறி வாசிப்பார். இங்கே அவருடைய தொனி உலர்ந்து, கெட்டியாக, சொற்களை நறுக்கிப் பேசுவது போல இருக்கும். இந்தத் தொனியை நன்றாக மனத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட இதுவே அளவுகோல்.

'ஃப்ரீடம் ஸ்வீட்' ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதும் 19 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரே வாசிப்பு. ஆஸ்கர் பெட்டிஃபோர்ட் பாஸ், மாக்ஸ் ரோச் டிரம்ஸ். கறுப்பினத்தவரின் உரிமையைப் பற்றி அவரே எழுதிய குறிப்பு அட்டையில் இருந்தது. பிற்பாடு இதே ஆல்பம் 'ஷேடோ வால்ட்ஸ்' என்ற வேறு பெயரில், முக்கியமான பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி விற்கப்பட்டது. இரண்டும் ஒன்றுதான், இரண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

5. 1959 முதல் 1966 வரை: நான்கு வாரம்

1959 கோடையில் ரோலின்ஸ் மேடையை விட்டு விலகினார். நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் நின்று மணிக்கணக்கில் சாதகம் செய்தார். திரும்பியது 1961 நவம்பரில். அந்த விலகலுக்குச் சற்று முன், 1959 மார்ச்சில் ஐரோப்பாவில் வாசித்த மேடைப் பதிவுகளை 2024-ல் 'ஃப்ரீடம் வீவர்' என்ற பெயரில் தொகுத்தார்கள். பாலத்துக்கு முன், பாலத்துக்குப் பின் என்று ஒப்பிட வேண்டுமானால் முன்பக்கத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

'த பிரிட்ஜ்' கேட்கும்போது ஒரு தப்பு எதிர்பார்ப்பு எல்லோருக்கும் வருகிறது. இரண்டு ஆண்டு சாதகம் செய்துவிட்டு வந்தவர் ஏதோ பூகம்பம் கொண்டு வருவார் என்று நினைத்துப் போட்டால் மென்மையான, அடக்கமான ஓர் ஆல்பம் கேட்கும். ஜிம் ஹால் கிட்டார், பாப் கிரான்ஷா பாஸ். மாற்றம் வெளியே தெரியாது, பிடிமானத்தில் இருக்கிறது. தாழ்ந்த ஸ்வரத்தில் மூச்சை எவ்வளவு நேரம் நிறுத்துகிறார், உச்சத்தில் தொனி சிதறாமல் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். முதல் டிராக் 'வித்தவுட் எ சா'ங்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

பூகம்பம் வந்தது ஆறு மாதம் கழித்து. 1962 ஜூலை, வில்லேஜ் கேட் மேடை, 'அவர் மேன் இன் ஜாஸ்'. கட்டற்ற ஜாஸின் முன்னோடியான சாக்ஸ் கலைஞர் ஆர்னெட் கோல்மனுடன் வாசித்த டான் செர்ரியும் பில்லி ஹிக்கின்ஸும் கூட இருக்கிறார்கள். 'ஓலியோ' 25 நிமிடம் ஓடும். மெட்டு தொடக்கத்தில் தலை காட்டிவிட்டு மறையும், வேகம் நடுவில் மாறும், யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்பது நொடிக்கு நொடி மாறும். முதல் தடவை பிடிக்காமல் போகலாம். இதை எடுக்கும் முன் 1954 'ஓலியோ'வை நாலைந்து தடவை கேட்டிருந்தால் தலைகால் புரியும். கேட்காமல் எடுத்தால் புரியாது. வரிசையை மாற்றாதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

1963-ன் 'சன்னி மீட்ஸ் ஹாக்!' ஆல்பத்தில் தன் குருஸ்தானத்தில் வைத்திருந்த மூத்த டெனர் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸுடன் வாசிக்கிறார். பணிந்து வாசிக்காமல், கோணலாக, விசித்திரமான ஒலிகளோடு வாசிக்கிறார். பெரியவருக்கு முன் அவருடைய பாணியில் வாசிப்பதைத் தவிர்க்கவே அப்படிச் செய்தார் என்பது என் முடிவு. கேட்டுவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

'ஆல்ஃபி' என்ற படத்தின் இசை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. படத்தில் ஒலிப்பது லண்டனில் பதிவானது. ஆல்பமாகக் கிடைப்பது 1966-ல் ஆலிவர் நெல்சனின் வாத்தியக் கோர்ப்பில் அமெரிக்காவில் மறுபடி வாசித்தது. படத்தின் இசைதான் வேண்டும் என்பவர் ஆல்பத்தை வாங்கி ஏமாற வேண்டாம். மற்றபடி ஆல்பம் நல்ல ஆல்பம், புதியவருக்குச் சுலபமானதும்கூட.

இந்தக் கட்டத்தின் கடைசி 'ஈஸ்ட் பிராட்வே ரன் டவுன்'. தலைப்பு டிராக் 20 நிமிடம். ஜிம்மி காரிசனும் எல்வின் ஜோன்ஸும், அதாவது கோல்ட்ரேன் குழுவின் பாஸும் டிரம்ஸும். தொனி இப்போது கரகரப்பாகி விட்டிருக்கும். வான்கார்ட் தொனியோடு உடனே ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்பது ஆண்டு இடைவெளி காதில் விழும்.

6. இரண்டாவது இடைவெளியைத் தாண்டுவது

1966-க்குப் பிறகு 1972 வரை ஸ்டுடியோ ஆல்பம் கிடையாது. 1960-களின் கடைசியில் இந்தியா வந்து மும்பையின் பவாயில் உள்ள சின்மயானந்தரின் ஆசிரமத்தில் தங்கி யோகமும் வேதாந்தமும் படித்தார். (2014-ன் 'ரோடு ஷோஸ்' மூன்றாம் தொகுதியில் 'பதஞ்சலி' என்றே ஒரு டிராக் இருக்கிறது.) இந்த இடைவெளியில் கேட்பதற்கு 'ரோலின்ஸ் இன் ஹாலந்து' ஒன்று போதும். கூட வாசிப்பவர்கள் அங்கத்திய கலைஞர்கள், ரூட் யாக்கப்ஸ் பாஸ், ஹான் பென்னிங்க் டிரம்ஸ். சில டிராக்குகளில் ஒலித்தரம் குறைவு. அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

7. 1972-க்குப் பிறகு: ஸ்டுடியோவை விட்டு மேடைக்குப் போங்கள்

அதிகம் பேர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். எலக்ட்ரிக் பாஸ், கிட்டார், தாள வாத்தியங்கள், சில இடங்களில் ஃபங்க் நடை. 1950-களின் காதை வைத்துக்கொண்டு 1970-களின் ஸ்டுடியோ ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் சலிப்புத் தட்டும். தப்பு கேட்பவரிடம் மட்டும் இல்லை. ஸ்டுடியோ தனக்கு ஒத்துவராத இடம் என்று ரோலின்ஸே பல தடவை சொல்லியிருக்கிறார். இந்தக் காலத்து ரோலின்ஸ் மேடையில் இருந்தார். சாக்ஸின் அகன்ற வாயில் சின்ன மைக்கைப் பொருத்திக்கொண்டு நடந்துகொண்டே வாசிப்பார். அதனால் தொனியும் அகன்று, அதிர்ந்து, அடர்த்தியாகிவிட்டது. ஒரே டிராக் கால் மணி நேரம் போகும்.

ஆகவே ஸ்டுடியோவில் ஒன்றே ஒன்று: 'நெக்ஸ்ட் ஆல்பம்'. அதிலும் 'ஸ்கைலார்க்'. பத்து நிமிட வாசிப்பில் துணை எதுவும் இல்லாமல் சாக்ஸ் தனியாக நிற்கும் பகுதிகள் இருக்கின்றன. பிற்கால ரோலின்ஸின் உயிர் அந்தத் தனிப் பகுதிகள்தான். அங்கிருந்து நேராக 'ஜி-மேன்' போங்கள். நியூயார்க் மாநிலத்தின் சாகர்ட்டீஸில், ஓபஸ் 40 என்ற திறந்தவெளிக் கல் அரங்கில் வாசித்தது. தலைப்பு டிராக் கேட்டு முடித்தால் மூச்சு வாங்கும். அதே நிகழ்ச்சியில் மேடையிலிருந்து குதித்துக் குதிகால் எலும்பை முறித்துக்கொண்டு, தரையில் படுத்தபடியே தொடர்ந்து வாசித்தார்.

1985-ன் 'த சோலோ ஆல்பம்' நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் அளவுக்குத் தனியாக வாசித்தது. புதியவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தனி வாசிப்பு என்றால் 'ஸ்கைலார்க்'கின் தொடக்கமும் 'ரோடு ஷோஸ்' மூன்றாம் தொகுதியின் 'சோலோ சன்னி'யும் அதைவிடக் கட்டுக்கோப்பானவை.

2008 முதல் 2016 வரை நான்கு தொகுதிகளாக வந்த 'ரோடு ஷோஸ்' வரிசையில் முதல் தொகுதியை எடுங்கள். 1980 முதல் 2007 வரை வெவ்வேறு ஊர் மேடைகளிலிருந்து தேர்ந்தெடுத்தது. டிராக்குக்கு டிராக் ஆண்டு மாறும், எனவே தேதித் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோ ஆல்பங்களிலிருந்தும் கொஞ்சம் வேண்டுமானால் 1996-ன் 'சில்வர் சிட்டி' தொகுப்பு போதும், இரண்டு சிடி.

8. ஒரே பாட்டை வேறு வேறு ஆண்டில் வைத்துக் கேளுங்கள்

பாணி எப்படி மாறியது என்று விளக்கம் படிப்பதைவிட இது பத்து மடங்கு பயன் தரும். ஒரு இணைக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். பழையதை இரண்டு தடவை, புதியதை ஒரு தடவை, மறுபடி பழையதை ஒரு தடவை.

'ஓலியோ': 1954, ஐந்து நிமிடம்; 1962, இருபத்தைந்து நிமிடம். ஒரு தலைமுறைக்கே உரிய மாற்றம் எட்டு ஆண்டில் நடந்திருக்கும்.

'சன்னிமூன் ஃபார் டூ': 1957 வான்கார்ட், 2010 நியூயார்க் பீக்கன் தியேட்டர், 80-வது பிறந்தநாள் கச்சேரி. இரண்டாவதில் ஆர்னெட் கோல்மன் நடுவில் மேடைக்கு வருகிறார். 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். 12 பார் எண்ணிக்கொண்டே போங்கள். எண்ணிக்கை எந்த இடத்தில் கையை விட்டு நழுவுகிறது என்பதைக் குறியுங்கள். கோல்மன் வந்த பிறகு ரோலின்ஸ் எண்ணிக்கையை எவ்வளவு தளர்த்துகிறார் என்பது அப்போது தெரியும்.

'வித்தவுட் எ சாங்': 1962 த பிரிட்ஜ், 2001 பாஸ்டன். ரோலின்ஸின் வீடு உலக வர்த்தக மையத்துக்குச் சில தெருக்கள் தள்ளி இருந்தது. கோபுரங்கள் விழுந்த பின் வீட்டைக் காலி செய்துவிட்டு, நான்காம் நாள் இந்த மேடையில் வாசித்தார். நீளம் முன்னதைப் போல இரண்டு பங்குக்கும் மேல். 1962-ல் ஒவ்வொரு சொற்றொடரும் முடித்து வைத்தது போல இருக்கும். 2001-ல் முடிக்காமல் அடுத்ததற்குள் போய்க்கொண்டே இருப்பார்.

கலிப்சோவுக்கு இணை வேண்டாம், ஒரு சங்கிலியே இருக்கிறது: 1956 'செயின்ட் தாமஸ்', 1962 'டோன்ட் ஸ்டாப் த கார்னிவல்', 1972 'தி எவ்ரிவேர் கலிப்சோ'. கார்னிவல் பாட்டு 1962-ல் 'வாட்ஸ் நியூ?' ஆல்பத்தில் இருப்பது. அதே பெயரில் 1978-ல் ஒரு மேடை ஆல்பமும் உண்டு. தேடும்போது இரண்டும் மாறிப்போகும், தேதியைப் பாருங்கள்.

9. வாங்குவது: செலவு, சரிபார்ப்பு, காலம்

காசு செலவழிக்காமலேயே முதல் எட்டுப் படியையும் முடிக்கலாம். வாங்குவதற்கு அவசரம் வேண்டாம்.

குறைந்த செலவு சிடி. 1963-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு ஐரோப்பாவில் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. அதனால் சின்ன நிறுவனங்கள் 'நான்கு ஆல்பம், இரண்டு சிடி' என்று மலிவாகப் போடுகின்றன. சட்டப்படி அங்கே அது தவறில்லை. ஆனால் எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள், பதிவுத் தேதி அச்சாகாமலும் தப்பாகவும் இருக்கும், ஒரு ஆல்பம் பாதியில் வெட்டுப்பட்டு அடுத்த சிடிக்குப் போகும். தேதித் தாள் போடுகிறவர்களுக்கு இது உதவாது.

புது எல்பி மறுவெளியீடுகள், அதாவது ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ், டோன் போயட் போன்ற வரிசைகள், அமெரிக்காவில் தட்டு ஒன்று ஏறக்குறைய 40 டாலர். இந்தியாவுக்கு வரவழைத்தால் கப்பல் கூலி, சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேரும். முதல் தட்டுக்குத்தான் கூலி அதிகம். இரண்டாவது, மூன்றாவதைச் சேர்த்தால் கூலி கொஞ்சம்தான் ஏறும், ஆகவே இரண்டு மூன்றாக வரவழையுங்கள். கூரியரில் வந்தால் அடையாள ஆவணம் கேட்பார்கள். ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல், அதில் உள்ள பெயரும் ஆர்டரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பெயர் பொருந்தாவிட்டால் பெட்டி சுங்கத்தில் கிடக்கும். விற்பவர் தரும் பில்லைப் பத்திரமாக வையுங்கள், மதிப்பை நிரூபிக்க அதுதான் ஆதாரம்.

1956-ன் பதிவுகள் எல்லாம் மோனோ, அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி. வான்கார்டும் மோனோ. 1960, 70-களின் மறுவெளியீடுகள் சிலவற்றில் மோனோவைச் செயற்கையாகப் பிரித்து ஸ்டீரியோ ஆக்கியிருப்பார்கள். அட்டையில் 'எலக்ட்ரானிக்' என்ற சொல்லும் 'ஸ்டீரியோ' என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் வாங்காதீர்கள். ஒலி குகைக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். ஆர்சிஏ தட்டுகளில் எண்ணுக்கு முன் எல்.பி.எம். என்றிருந்தால் மோனோ, எல்.எஸ்.பி. என்றிருந்தால் ஸ்டீரியோ.

பழைய தட்டு வாங்குகிறவர்கள் தர எழுத்துகளைச் சரியாகப் படிக்க வேண்டும். என்.எம். என்றால் ஏறக்குறைய புதிது. வி.ஜி. ப்ளஸ் வாங்கலாம். வி.ஜி. என்றாலே சரசரப்புக் கேட்கும். ஜி என்றால் தேய்ந்துபோன தட்டு என்று பொருள். டிரம்ஸ் முழங்கும் இடத்தில் சரசரப்பு மறைந்துவிடும், ஆனால் ரோலின்ஸ் தனியாக நின்று வாசிக்கும் இடத்தில் மறையாது. எனவே இவருடைய தட்டில் மட்டும் தரத்தில் ஒரு படி மேலே போங்கள். 'சாக்ஸபோன் கொலாச'ஸின் முதல் அச்சு என்று யாராவது சொன்னால் லேபிளின் படம் கேளுங்கள். நியூயார்க் 50-வது தெரு முகவரி இருக்க வேண்டும். பெர்கன்ஃபீல்டு, நியூ ஜெர்சி என்று இருந்தால் பிந்திய அச்சு. உள்வட்டத்தின் வெற்றுப் பகுதியில் ரூடி வான் கெல்டரின் முத்திரை எழுத்துகள் ஆர்.வி.ஜி. இருக்கும். பிற்கால மறுவெளியீடுகளில் வேறொருவர் புதிதாக வெட்டியதால் அந்த எழுத்து இருக்காது. அதற்காக அது போலி ஆகிவிடாது, முதல் அச்சு இல்லை என்பது மட்டும்தான்.

பெட்டி வந்ததும் திறப்பதைப் படம் எடுங்கள். அட்டை மூலை மடிந்திருக்கிறதா, தட்டு வளைந்திருக்கிறதா என்று சமதளத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் அன்றே முழுக்க ஓட்டிக் கேளுங்கள். விற்பவர்கள் குறை சொல்லக் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் சில நாள்தான். வான்கார்ட் போல மூன்று தட்டு உள்ள பெட்டியில் ஆறாவது பக்கத்தில் கீறல் இருப்பது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் எதுவும் செய்ய முடியாது.